ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், மூன்றாவதாக ஒரு வடமராட்சிக்காரர்

கிளிநொச்சியில் குடிசார் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மண் பொறிமுறை விரிவுரையில் ‘ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா, 1963’ என்று ஒரு மேற்கோள் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்த துரைராஜாவா அது? அப்படியென்றால் அவர் உண்மையில் செய்தது என்ன, சும்மா சேர்த்த பெயரா? அவ்வளவு பெரிய ஆய்வாளர் ஏன் ஆராய்ச்சியை விட்டு நிர்வாகத்துக்குப் போனார்?”

ஓம் தம்பி, அவரேதான். அழகையா துரைராஜா. 1934 நவம்பர் 10ல் பிறந்தவர், 1994 ஜூன் 11ல் காலமானார். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஊரில் அவரைத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கட்டுரை தெரியாது. கட்டுரையை மனப்பாடமாக வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு ஆளைத் தெரியாது. ஒரு தேநீர் இடைவேளையில் வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் ‘இந்தத் துரைராஜா பிறகு என்ன ஆனார்? 63க்குப் பிறகு பெயரைக் காணவேயில்லையே’ என்று என்னிடம் கேட்டார். குப்பி விளக்குக் காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தினார் என்று சொன்னேன். அவருக்குக் குப்பி விளக்கை விளங்கப்படுத்துவதிலேயே இடைவேளை முடிந்துவிட்டது.

படிப்புக் கதை சுருக்கமானது. வடமராட்சிக்காரர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, 1953ல் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போனார். பீடம் அப்போது கொழும்பில்தான் இருந்தது, தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1957ல் முதல் வகுப்பு. கொஞ்சக் காலம் பி.டபிள்யூ.டி. என்ற பொதுப்பணித் திணைக்களத்தில் வேலை. பிறகு கேம்பிரிட்ஜ்.

அங்கே அவர் போய்ச் சேர்ந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கென்னத் ரொஸ்கோ என்பவர் இரண்டாம் உலகப் போரின் பெரும்பகுதியைப் போர்க்கைதியாகக் கழித்துவிட்டு வந்து, மண் ஆய்வுகூடம் ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தார். 1958ல் அவரும் ஸ்கோபீல்டும் ரோத்தும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். எந்த மண்ணையும் வடிவம் குலையும்படி கோணலாக்கிக்கொண்டே போனால், கன அளவும் மாறாமல் அழுத்தமும் மாறாமல் குழம்புபோல ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிலைக்கு அது கடைசியில் வந்து சேரும் என்பது அதன் சாரம். நீங்கள் ‘கிரிட்டிக்கல் ஸ்டேட்’ என்று படிப்பது அதைத்தான். போய்ச் சேரும் ஊர் தெரிந்துவிட்டது. வழி தெரியவில்லை. இடையில் மண் எந்தப் பாதையில் போகிறது, எங்கே இளகத் தொடங்குகிறது, அதாவது பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் மாறத் தொடங்குகிறது என்பதைக் கணக்கில் கொண்டுவர முடியாமல் இருந்தார்கள்.

மண் ஏன் அவ்வளவு சிக்கல்? இரும்பைக் கோணலாக்கினால் அதன் கன அளவு மாறாது. மண்ணில் மாறும். மணற்காட்டுப் பக்கம் கடற்கரையில் நனைந்த மணலில் நடந்திருப்பீர்கள். கால் வைத்தவுடன் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று காய்ந்ததுபோல வெளிறும். மிதித்தால் தண்ணீர் மேலே வரவேண்டும், அது உள்ளே போகிறது. இறுகிக் கிடந்த மணல் கோணலாகும்போது விரிகிறது, விரிந்த இடைவெளிக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. வயலில் சேற்றை மிதித்துப் பாருங்கள், நேர்மாறு: அது சுருங்கித் தண்ணீரைக் கக்கும். ஆக, மண்ணுக்குக் கொடுக்கும் வேலையில் ஒரு பங்கு கன அளவை மாற்றுவதற்கும் ஒரு பங்கு வடிவத்தைக் கோணலாக்குவதற்கும் போகிறது. இரண்டும் பின்னிப் பிணைந்து நடக்கும்.

துரைராஜாவின் கையில் கிடைத்தது காவோலின், அதாவது வெண்களி. மூவச்சுச் சோதனை நீங்களும் செய்திருப்பீர்கள், அதனால் அந்த வேலையின் பொறுமை உங்களுக்குத் தெரியும். களியை உருளையாக்கி, மெல்லிய ரப்பர் சவ்வை மாட்டி, இரண்டு முனையிலும் வளையம் போட்டு, தண்ணீர்க் கலத்துக்குள் நிறுத்தி, அழுத்தம் ஏற்றி, களி தன் தண்ணீரை விட்டு ஓயும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு மெதுவாக, மிக மெதுவாக மேலிருந்து அமுக்கவேண்டும். நான் படித்த ஆய்வுகூடத்தில் ஒருமுறை சவ்வில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்து மூன்று நாள் அளவீடு குப்பைக்குப் போனது. இன்றைக்குக் கணினி தானாகக் குறித்துக்கொள்கிறது. அவர் காலத்தில் மனிதர்தான் மானியைப் பார்த்து எழுதவேண்டும், கணக்கையும் அவரேதான் போடவேண்டும்.

அவர் செய்தது என்னவென்று கேட்டீர்கள். ஒரு வரவு செலவுக் கணக்கு. ஒவ்வொரு சிறு படியிலும் களிக்குள் போன வேலை எவ்வளவு? அதில் வில்லைப்போல களி சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கக்கூடிய பகுதி எவ்வளவு? அதைக் கழித்தால் மிச்சம், துகளோடு துகள் உராய்ந்து கரைந்துபோன சக்தி. தண்ணீரை வெளியே விட்ட சோதனைகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டார், விடாமல் அடைத்து வைத்த சோதனைகளுக்கும் போட்டார். இரண்டாவது வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கன அளவு மாறவேயில்லை. ஆனால் உள்ளே அழுத்தம் குறைவதால் களி வில்லைப்போலக் கொஞ்சம் விரிகிறது, அதே அளவுக்கு மீளாத வகையில் சுருங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால் ஒன்றுமே நடக்காததுபோலத் தெரிகிறது. இதைப் பிரித்துப் பார்க்காதவர் கணக்கில் வழுக்கி விழுவார்.

விடை எதிர்பாராதது. கரைந்த சக்தி கோணலாகும் அளவோடு மட்டும்தான் தொடர்புபட்டிருந்தது. சராசரி அழுத்தத்தைக் கோணல் அளவால் பெருக்கி, எம் என்ற ஒரே எண்ணால் பெருக்கினால் போதும். கன அளவு மாறும் வேகம் அந்தச் சூத்திரத்துக்குள் வரவே இல்லை. களி சுருங்கினாலும் சுருங்காவிட்டாலும் உராய்வுக்குக் கொடுக்கவேண்டிய வரி ஒன்றே. அந்த எம், கிரிட்டிக்கல் ஸ்டேட்டில் வரும் அதே எம்தான். கேம்பிரிட்ஜில் பயன்பட்ட காவோலினுக்கு 1.02க்குக் கிட்ட, உராய்வுக் கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 26 பாகை.

இது கைக்கு வந்த பிறகுதான் கதவு திறந்தது. உலோகங்களுக்கு ட்ரக்கர் என்பவர் சொல்லியிருந்த செங்குத்து விதியை, அதாவது மீளாத உருமாற்றம் இளகல் வளைகோட்டுக்குச் செங்குத்தான திசையில் போகும் என்பதை, இந்தச் சக்திக் கணக்கோடு சேர்த்தால், ஒரு சின்னத் தொகையீட்டில் களி எந்தெந்த அழுத்தத்தில் இளகத் தொடங்கும் என்று காட்டும் அந்த வளைகோடு வந்துவிழும். மடக்கை உள்ள அந்தச் சமன்பாட்டைத்தான் நீங்கள் ‘ஒரிஜினல் காம்-கிளே’ என்று படிக்கிறீர்கள். கரும்பலகையில் நாலு வரி. அதற்கு முதல் வரி அவருடைய அளவீடு. 1963ல் ஜியோடெக்னிக் சஞ்சிகையில் மூவர் பெயரிலும் வந்த, கிரிட்டிக்கல் நிலையைவிட ஈரமான களிகள் இளகுவதைப் பற்றிய முப்பது பக்கக் கட்டுரையில் இருப்பது இதுதான். ஆகவே மரியாதைக்குச் சேர்த்த பெயர் அல்ல அது. ஸ்கோபீல்டும் பிற்காலத்தில் இந்தக் கதையைத் திரும்ப எழுதியபோது, சக்தி கரையும் அந்தச் சார்பைத் துரைராஜாவின் பெயரைச் சொல்லியே எழுதினார்.

ஒரு இடைச்செருகல். காம் ஆற்றில் காம்-கிளே என்று ஒரு களி கிடையாது. ஆற்றின் பெயரை ஒரு கற்பனைக் களிக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜுக்குப் போனால் ஆற்றங்கரையில் மண் அள்ளிக்கொண்டு வர நினைத்த ஆள் ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

அந்த மாதிரியில் குறையும் உண்டு, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும்போதுகூடக் களி கோணலாகும் என்று அது சொல்லும். வளைகோட்டின் நுனியில் ஒரு கூர் இருப்பதால் வரும் வினை. 1968ல் ரொஸ்கோவும் பேர்லண்டும் சக்திக் கணக்கில் கன அளவு மாற்றத்தையும் சேர்த்து, வளைகோட்டை நீள்வட்டமாக்கினார்கள். இன்று பிளாக்சிஸ், அபாக்கஸ் போன்ற மென்பொருள்களில் நீங்கள் தெரிவு செய்வது இந்தத் திருத்திய வடிவத்தை. அதனால்தான் துரைராஜாவின் பெயர் திரையில் வருவதில்லை. திருத்தியவர்களும் அவருடைய வழியில்தான் போனார்கள்: முதலில் சக்தி எங்கே கரைகிறதென்று கேள், வளைகோடு பிறகு தானாக வரும்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ‘ஆராய்ச்சியை விட்டு ஏன் நிர்வாகத்துக்குப் போனார்’ என்று கேட்கும்போது, ஒரு நாள் ஒரு முடிவு எடுத்தார் என்று நினைக்கிறீர்கள். நம் நாட்டில் அப்படி நடப்பதில்லை. முனைவர் பட்டத்தோடு திரும்பி வந்தார், விரிவுரையாளரானார், பிறகு குடிசார் பொறியியல் பேராசிரியரானார். பீடம் 1964ல் பேராதனைக்கு இடம் மாறியது. வந்தவர்களுக்கு முதல் வேலை ஆய்வுகூடம் கட்டுவது, பாடத்திட்டம் எழுதுவது, வருடா வருடம் நூற்றுக்கணக்கான விடைத்தாள் திருத்துவது. ரொஸ்கோவின் கூடத்தில் பக்கத்து மேசையிலேயே ஸ்கோபீல்ட் இருந்தார். மகாவலிக் கரையில், பேராதனையில், பக்கத்து மேசையில் இருந்தது விடைத்தாள் கட்டு. 63ல் அவருக்கு வயது 28, 29. அந்த வயதில் அப்படி ஒன்றைச் செய்த ஒருவர் கேம்பிரிட்ஜிலேயே நின்றிருந்தால் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பார் என்று நானும் நினைத்ததுண்டு. மண் பொறிமுறைக்கு அது இழப்புத்தான். அதை மறைத்துத் தியாகக் கதை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

பொறியியலாளர் பல்கலைக்கழகத் தலைமைக்கு வருவதற்கும் முன்னுதாரணம் இருந்தது. அந்தப் பீடத்தின் முதல் பீடாதிபதியான குடிசார் பொறியியல் பேராசிரியர் ஈ.ஓ.ஈ. பெரேரா 1969ல் பேராதனையில் துணைவேந்தராகியிருந்தார். 1978ம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி பீடாதிபதியைப் பீடச் சபை தெரிவு செய்கிறது. துணைவேந்தர் பதவிக்குப் பேரவை மூன்று பெயரை அனுப்ப, ஜனாதிபதி ஒருவரை நியமிக்கிறார். ஒரு தடவைக்கு மூன்று வருடம்.

துரைராஜா 1970களின் நடுப்பகுதியிலும் 1980களின் முற்பகுதியிலும் இருமுறை பொறியியல் பீடாதிபதியாக இருந்தார். இரண்டும் சும்மா வருடங்கள் அல்ல. 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு வெட்டுப்புள்ளி 227, தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 250. இப்படி மொழிவாரியாகப் புள்ளியை வேறுபடுத்துவதற்கு வைத்த தரப்படுத்தல் என்ற சொல் அதன் பிறகுதான் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. பிள்ளையை எஞ்சினியராக்குவதற்கென்றே காணியை ஈடு வைத்த ஊரில், அந்த 23 புள்ளி எத்தனை குடும்பத்தைப் புரட்டிப்போட்டது என்று உங்கள் பேரனாரைக் கேளுங்கள். அந்தச் சண்டை ஓயாத காலத்தில் அதே பீடத்தின் தலைமைக் கதிரையில் ஒரு தமிழர். இரண்டாம் முறை இன்னும் மோசம். 1983 மே மாதம் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். யூலையில் நாடே எரிந்தது.

1988ல் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராக வந்தார். வித்தியானந்தனுக்குப் பிறகு இரண்டாமவர். எந்த நேரத்தில் வந்தார் என்று பாருங்கள். முந்தைய ஒக்டோபரில்தான் இந்திய இராணுவம் வளாகத்தின் மைதானத்தில் இரவோடு இரவாக ஹெலியில் துருப்பை இறக்கி, அங்கேயே சண்டை நடந்திருந்தது. வந்த மறுவருடம், 1989 செப்டெம்பர் 21ல், உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 மார்ச்சில் இந்திய இராணுவம் போனது, ஜூனில் மறுபடியும் போர். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் எதையெல்லாம் பேசமுடியும், எதையெல்லாம் பேசமுடியாது என்ற கேள்வி அந்த வருடங்களில் வெறும் கேள்வியல்ல. அவர் பேசியதையும் பேசாததையும் இன்றைய கதிரையிலிருந்து அளக்க நான் துணியமாட்டேன்.

எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்தக் காலத்து அன்றாடம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலுக்குள் சின்னத் திரியை நிறுத்தி, அடியில் பஞ்சைப் போட்டு, பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிப்போம். ஊர் முழுக்க அதற்குச் சிக்கன விளக்கு என்று பெயர். அந்த வெளிச்சத்தில் ஒரு பக்கம் வாசிக்கலாம், இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க முடியாது. மோட்டார் சைக்கிளைக் கிளப்ப நாலு துளி பெற்றோல், கிளம்பியபின் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடும். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவோம். துணைவேந்தரும் சைக்கிள்தான். அந்தத் தலைமுறை மாணவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்தச் சைக்கிளைத்தான்.

வடக்குக்குக் கொண்டுவர அரசு தடை செய்த பொருள்களின் பட்டியலில் சீமெந்தும் இருந்தது. 1950ல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990ல் மூடப்பட்டுவிட்டது. குடிசார் பொறியியல் பேராசிரியர் ஒருவர் ஒரு பை சீமெந்து கிடைக்காத ஊரில் பல்கலைக்கழகத்தை வளர்க்கவேண்டியிருந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். கொழும்பில் ஒரு கூட்டம் என்றால், குடாநாட்டிலிருந்து வெளியே போகும் தரைவழியான ஆனையிறவு பூட்டு. யார் போனாலும் கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றில் இறங்கியோ, பிற்பாடு கிளாலிக் கடல்நீரேரியில் இரவுப் படகிலோதான் போகவேண்டும். படகுக்கு வெளிச்சம் போட்டால் கடற்படை சுடும்.

இத்தனைக்குள்ளும் பல்கலைக்கழகம் பூட்டப்படவில்லை. விரிவுரை நடந்தது, பரீட்சை பிந்திப் பிந்தி என்றாலும் நடந்தது. 1990ல் கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது அவருடைய காலத்தில்தான். நிலைமை சரியானபின் பார்ப்போம் என்று கிடப்பில் போட அப்போது எவருக்கும் ஆயிரம் காரணம் இருந்தது. என் கணிப்பில் அவருடைய நிர்வாகத்தின் பெரிய வேலை புதிதாக எதையும் கட்டியது அல்ல, இருந்ததை நிற்காமல் ஓடவைத்தது. அது வெளியில் தெரியாத வேலை. நல்ல அத்திவாரம்போல என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொள்கிறேன், எங்கள் தொழிலில் அந்த உவமையைத் தேய்த்தே விட்டார்கள்.

மூன்று மூன்று வருடமாக இரண்டு தவணைக் காலம். 1994ல் நோய். காலமானபோது வயது 59. விடுதலைப் புலிகள் அவருக்கு ‘மாமனிதர்’ பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டம் அவரைப் பற்றிய பேச்சை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஒரு சாராருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவேண்டியதில்லை, மற்றச் சாராருக்கு அதோடு எதுவும் கேட்கவேண்டியதில்லை. நடுவில் காவோலின் கணக்கு காணாமல் போனது.

நீங்கள் படிக்கும் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் வந்தது அவர் போய் ஏறக்குறைய இருபது வருடத்துக்குப் பிறகு. ஆகவே தம்பி, உங்கள் ஆய்வுகூடத்தில் மூவச்சு இயந்திரம் சும்மா கிடக்கும் ஒரு வாரம் பார்த்து இதைச் செய்து பாருங்கள். சாதாரணமாக இறுகிய களி ஒன்றை எடுத்து, தண்ணீரை வெளியே விட்டு மெதுவாகச் சோதியுங்கள். ஒவ்வொரு படியிலும் போன வேலையைக் கணக்கிட்டு, அழுத்தத்தைக் குறைக்கும்போது களி வீங்கும் கோட்டின் சரிவைக்கொண்டு மீளும் பகுதியைக் கழித்து, மிச்சத்தை அழுத்தத்தால் வகுத்து, கோணல் அளவுக்கு எதிராக வரையுங்கள். ஏறக்குறைய நேர்கோடு வரவேண்டும், அதன் சரிவுதான் எம். வராவிட்டால் துரைராஜாவைச் சந்தேகிக்க முதல் சவ்வைக் கழற்றித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.